பெயர் இல்லாத வட்டம்

மகள்,

நான் அழிக்கவில்லை. முதல் வேலையாக அதைச் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை காலையில் நீ கொழும்பிலிருந்து போன் எடுத்து, "அம்மா, என்னோட கதை எல்லாம் போட்டு வச்சிருக்கிற பக்கத்த அழிச்சிருங்க. புனைபேருல எழுதினாலும் யார் எழுதினதுன்னு பொலிஸ்ல கண்டுபிடிச்சிருவாங்களாம். ஏர்போட்ல நிப்பாட்டிட்டா என்னோட படிப்பே போச்சு. பாஸ்வேர்ட் சொல்றேன், எழுதிக்கங்க. என் கையால என்னால முடியல" என்றாய். சாயந்தரம் மறுபடியும் எடுத்து, "செஞ்சிட்டீங்களா?" என்று கேட்டாய். "செஞ்சாச்சு, நிம்மதியாப் போ" என்றேன். பொய். நான் செய்ததெல்லாம், வேறு யாரும் பார்க்க முடியாதபடி அந்தப் பக்கத்தைப் பூட்டியது மட்டும்தான். பூட்டிவிட்டு நான் உள்ளே இருந்துகொண்டேன். நீ ஜப்பானுக்கு விமானம் ஏறிய சனிக்கிழமையும் உள்ளேதான் இருந்தேன். நேற்று நீ பேசி, "வந்து சேர்ந்துட்டேன், ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல" என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. இன்றைக்கு எழுதுகிறேன். இது நான் உனக்குச் சொன்ன இரண்டாவது பெரிய பொய். முதலாவது, உனக்கு ஒன்பது வயதில் சொன்னது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

என்னை உனக்குத் தெரியும். உன் கதைகளைப் படிக்க வருகிறவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். நான் ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டில் கஷ்டம் என்று இல்லை, யாரும் நிறுத்தவும் இல்லை. எனக்கு உட்கார முடியாது, அவ்வளவுதான். கணக்குப் பாடத்தில் டீச்சர் மூன்றாவது தடவையாக "இரு பிள்ளை, இரு" என்றபோது, கொப்பியை மூடிவைத்துவிட்டு எழுந்து வீட்டுக்கு நடந்துவிட்டேன். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. பத்தொன்பது வயதில் நீ பிறந்தாய். இப்போதும் எனக்கு நாற்பது ஆகவில்லை, இப்போதும் அப்படியேதான் இருக்கிறேன். வாயில் ஒரு கராம்பு, கையில் ஏதாவது வேலை, சாப்பாடு நின்றபடி. ரத்தோட்டைக்கு மேலே தோட்டத்து பெக்டரியில் வேலை செய்துவிட்டு சனிக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கு வருகிற உன் அப்பா, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உன்னிடம் கேட்பார்: "என்ன மகள், ஒங்கம்மா இன்னும் நெலத்துல எறங்கலியா?" நீ சிரிப்பாய். எனக்கும் சிரிப்பு வரும். அதில் சிரிக்க முடியாத ஒன்றும் இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

மாத்தளை டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஹாஜியாருடைய கொமியுனிகேஷன் கடையில்தான் பதினோரு வருடமாக நிற்கிறேன். முதலில் கோல் எடுத்துக் கொடுப்பதும் போட்டோகொப்பி அடிப்பதும். பிறகு நாலு கம்ப்யூட்டர் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு நீ நேரே கடைக்கு வந்து மூலை மெஷினில் இருப்பாய். ஐந்து வருடம் என் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்து எழுதியிருக்கிறாய். நோட்ஸ் அடிக்கிறாய் என்று நினைத்தேன். ஒருநாள்கூட என்ன எழுதுகிறாய் என்று நான் கேட்டதில்லை. "கஸ்டமர் வந்திருக்கு, எழும்பு" என்று மட்டும் எத்தனை தரம் சொன்னேனோ. நீயும் எழும்பிவிடுவாய். இப்போது பார்க்கிறேன், ஒரு கதையில் ஒரு பெண் புதிதாக ஒரு சூரியனைப் பற்ற வைத்துக்கொண்டிருக்கிறாள், பாதியில் யாரோ கூப்பிட எழுந்து போய்விடுகிறாள், பாதி எரிந்த சூரியனோடு அந்த உலகம் ஆயிரம் வருடம் காத்திருக்கிறது. அது எந்தக் கஸ்டமர் வந்த நாளோ.

அழிப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்றுதான் திறந்தேன். உண்மையாக அழிக்கத்தான் நினைத்திருந்தேன். நாற்பத்தேழு கதை இருந்தது. முதல் கதை தொடங்கியபோது நின்றுகொண்டிருந்தேன். ஹாஜியார் மத்தியானத் தொழுகை முடிந்து கடைக்குள் வந்தபோது கதிரையில் இருந்தேன். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னா தங்கச்சி, ஒடம்புக்குச் சொகமில்லயா?"

"இல்ல நானா. படிக்கிறேன்."

"யாரு, நீயா?"

"மகள் எழுதினது. இதுல ஒரு கப்பல் போகுது நானா, ஆகாசத்துல. போய்ச் சேர முந்நூறு வருஷம். அதுக்குள்ள பைப்பு எல்லாத்துலயும் மொளகுக் கொடி ஏத்தி விட்டிருக்காங்க."

அலுவிகாரைப் பக்கம் மிளகுத் தோட்டம் வைத்திருக்கிற மனிதர். கொஞ்சம் யோசித்தார். "பைப்புல ஏறாது. வழுக்கும்."

"அதயும் எழுதியிருக்கா. பைப்புக்குச் சாக்குச் சுத்தி வச்சிருக்காங்க."

"தண்ணி?"

"ஆளுங்க விடுற மூச்சுல இருந்து எடுக்கிறாங்க."

ஹாஜியார் மெதுவாக வந்து பக்கத்து மெஷினில் உட்கார்ந்தார். "அந்தக் கப்பல் போய்ச் சேருதா இல்லயா?" என்றார். அன்றைக்குக் கடையில் வியாபாரம் நடக்கவில்லை. வந்தவர்களுக்கு அவரே போட்டோகொப்பி அடித்துக் கொடுத்தார், பாதிக்கு மேல் தலைகீழாக.

மகள், நான் எதைப் பெற்றேன் என்று எனக்கே பயமாக இருந்தது. கொக்கோக் காயைப் பிளந்தால் உள்ளே வெள்ளையாக விதைகள் அடுக்கியிருக்குமே, அப்படி ஒரு கிரகத்தைப் பிளந்து வைத்து, ஒவ்வொரு விதைக்குள்ளும் ஒரு ஊர் என்று எழுதியிருக்கிறாய். வெளிச்சம் மெதுவாக நடக்கிற ஓர் உலகத்தில் எதிரே நிற்கிற ஆளின் நேற்றைய முகம்தான் தெரியும், அதனால் அங்கே கோபப்பட்டவர்கள் ஒருநாள் பொறுத்துத்தான் சண்டை போடுவார்கள் என்கிறாய். அதைப் படித்துவிட்டு வெளியே போய், பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லோருமே நேற்றைய முகத்தோடு போவது போலத் தெரிந்தது. ஒன்பதாம் ஆண்டில் நடந்து வெளியே வந்தவளின் வயிற்றில் இது எப்படி வந்தது?

இரண்டாம் நாள் வேறொன்று தெரிய ஆரம்பித்தது. தனித்தனியாகப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. நான் மூச்சு விடாமல் வரிசையாகப் படித்தேன், அதனால் தெரிந்தது. சில சாமான்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. மூடுபனி வருகிறது. அது ரிவர்ஸ்டன் மலை, எனக்குத் தெரியும். உனக்கு ஆறு வயதில் அப்பா நம்மைக் கூட்டிப்போன அன்று, பாதி வழியில் பஸ் நின்று, முன் கண்ணாடிகூடத் தெரியாமல் வெள்ளையாக மூடிக்கொண்டது. "இப்ப நாம மேகத்துக்குள்ள இருக்கோம்" என்றார் அப்பா. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப பூமி இருக்கா?" என்று கேட்டாய். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நான், பஸ் எப்போது கிளம்பும் என்று டிரைவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வி உன் பதினாறு கதைகளில் இருக்கிறது.

அப்புறம் அந்தக் காவலாளி. விண்வெளி நிலையமோ கடலுக்கடி நகரமோ, எங்கே போனாலும் உன் கதையில் ஒரு வாசல் இருக்கிறது, அதில் தோளில் துவக்கோடு ஒருவன் காவல் நிற்கிறான். முதல் கதைகளில் அவனுக்கு முகமே இல்லை. ஒரு சிறுமியிடமிருந்து ஒரு புத்தகத்தைப் பறித்து வைத்துக்கொள்கிறான். பத்தாவது கதையில் அதே போல் ஒருவன், அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்க்கிறான், பாஷை தெரியவில்லை. இருபதாவது கதையில் ஓர் எழுத்தைக் காட்டி, போகிற வருகிறவர்களிடம் இது என்னவென்று கேட்கிறான். முப்பதைத் தாண்டும்போது வாசலில் நின்றபடியே எழுத்துக் கூட்டி வாசிக்கிறான். உன் வாசகர்கள் அவனுக்காக உருகி உருகி எழுதியிருக்கிறார்கள். கடைசிக் கதையில் அவன் புத்தகத்தை முழுதாகப் படித்து முடித்துவிட்டு, திருப்பிக் கொடுக்க அந்தச் சிறுமியைத் தேடிப் போகிறான். அதைப் படித்ததும் திரையை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏனென்றால் அப்படி ஒருவன் இல்லை, மகள். இருந்ததே இல்லை.

உனக்கு ஒன்பது வயதில், ஒருநாள் காலை நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். டவுனில் என்னமோ நடந்துவிட்டது என்று பேச்சு. பக்கத்து வீட்டு அக்கா வேலி வழியாக, "ஆமி செக்கிங் வருது புள்ள, கோயிலடியில நிக்குது, சாமான எல்லாம் பார்த்து வச்சிக்க" என்றார். நான் ஓடி ஓடி எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தேன். உன் தலையணைக்கு அடியில் ஒரு நீலக் கொப்பி இருந்தது. திறந்தேன். நடுப் பக்கம் இரண்டையும் சேர்த்து ஒரு வரைபடம். ஆறுகள், மலைகள், அம்புக்குறிகள். "முதலாம் ஏவுதளம்", "இரண்டாம் ஏவுதளம்", "இங்கிருந்து இரகசியப் பாதை" என்று உன் குண்டு எழுத்தில் எழுதியிருந்தாய். மேலே பெரிதாக ஒரு கிரகத்தின் பெயர். ஒன்பது வயதுப் பிள்ளையின் விளையாட்டு என்று எனக்குத் தெரியும். வருகிறவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அம்புக்குறி தெரியும். அவன் இதைக் கொண்டுபோய், வாசிக்கத் தெரிந்த ஒருவன் வந்து சேரும்வரை உன் அப்பா எங்கே இருப்பார்? இவ்வளவும் நான் யோசித்தேனா என்றால் இல்லை. இப்போது எழுதும்போது யோசிக்கிறேன். அப்போது கொப்பியை அடுப்பில் வைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

வந்தவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. கட்டிலுக்கு அடியில் பார்த்தான், அரிசிப் பானையைத் திறந்து பார்த்தான். குசினி வாசலில் நின்று மூக்கைச் சுருக்கி, என்ன அக்கா கருகுகிறது என்று சிங்களத்தில் கேட்டான். தேங்காய் வறுத்தேன், கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று அதே சிங்களத்தில் சொன்னேன். சுவரில் நீ கீறி ஒட்டியிருந்த யானைப் படத்தைப் பார்த்தான். செட்டை முளைத்துப் பறக்கிற யானை. சிரித்துவிட்டான். தன் தங்கச்சியும் இப்படித்தான், நாய்க்குக் கொம்பு வைப்பாள் என்றான். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். உன் கிரகத்தைக் காட்டியிருந்தால் அதற்கும் சிரித்திருப்பான் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொள்கிறேன். சிரித்திருப்பானா, இல்லையா, யாருக்குத் தெரியும். என் தப்பு அங்கே இல்லை. பயத்தில் எரித்தேன், அதற்கு நான் இன்றைக்கும் மன்னிப்புக் கேட்கவில்லை. என் தப்பு அதற்குப் பிறகு. அவன் போனதும், சொன்ன பொய் உண்மையாக இருக்கட்டும் என்று அரைத் தேங்காயைத் துருவிச் சட்டியில் போட்டு வேண்டுமென்றே கருக்கினேன். நீ வந்து தலையணையைத் தூக்கிப் பார்த்தாய்.

"அம்மா, என்னோட கொப்பி?"

"ஆமிக்காரன் கொண்டு போயிட்டான்."

"எதுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? எடுத்தான், போயிட்டான்."

நீ அழவில்லை. குசினிப் பக்கம் திரும்பி, "என்னாம்மா கருகின வாசம்?" என்றாய். "தேங்கா" என்றேன். "ம்" என்றாய்.

பிறகு நாலந்தாவில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். தம்புள்ளைக்குப் போகிற பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி, வரிசையாக நடக்க விட்டார்கள். காவலுக்கு நின்ற சென்றிக்காரனின் மேசையில் ஒரு நீலக் கொப்பி இருந்தது, பஸ் நம்பர் எழுதுகிற கொப்பி. நீ என் கையை உதறிவிட்டு நேரே போய் அதன் அட்டையைத் திறந்தாய். அவன் கத்தினான். வரிசை முழுதும் உறைந்துபோய் நின்றது. நான் ஓடிவந்து எல்லோருக்கும் முன்னால் உன் கன்னத்தில் அறைந்தேன். அடிக்க வேண்டாம் அக்கா, சின்னப் பிள்ளை என்று அவன்தான் சொன்னான். பஸ்ஸில் ஏறிய பிறகு கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "அது என்னோடது இல்லம்மா. அதுல கோடு போட்டிருக்கு" என்று மட்டும் சொன்னாய். அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். எத்தனை சென்றியில் எத்தனை ஆமிக்காரன் கையை அதற்குப் பிறகும் நீ எட்டிப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். பயத்தில் பார்க்கிறாய் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

என் பொய்யிலிருந்து ஒரு மனிதனைச் செய்திருக்கிறாய். எடுக்காத கொப்பியை எடுத்தவனாக்கி, அவனுக்கு உன் பாஷையைக் கற்றுக்கொடுத்து, அவனை நல்லவனாக்கி, மன்னித்தும்விட்டாய். சனிக்கிழமை மத்தியானம்வரை அப்படித்தான் நினைத்து மலைத்துப்போய் இருந்தேன். அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து படித்தேன், இந்த முறை அவனை மட்டும். பன்னிரண்டாவது கதையில் அவன் சட்டையில் கருகின தேங்காய் வாசம் அடிக்கிறது. பத்தொன்பதாவதில் அவன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். இருபத்தேழில், வாசலில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள், அவன் ஒருநாளும் அதில் உட்காருவதில்லை. முப்பத்து மூன்றில் வாயில் ஒரு கராம்பைப் போட்டு மென்றுகொண்டு எழுத்துக் கூட்டுகிறான். அந்த வரியைப் படித்தபோது என் வாயிலும் கராம்பு இருந்தது. மெல்லுவதை நிறுத்திவிட்டேன்.

உனக்குத் தெரியுமா, அல்லது உன் கைக்கு மட்டும் தெரியுமா என்று நான் கேட்க மாட்டேன். ஹாஜியாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "இந்தச் சென்றிக்காரன எங்கயோ கண்ட மாதிரி ஈக்கிது" என்றார், என்னை நிமிர்ந்து பார்க்காமலே. பிறகு எழுந்துபோய் எனக்குப் பிளேன்டீ வாங்கிவந்து வைத்தார். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

புத்திமதி சொல்லாமல் ஒரு தாய் கடிதம் எழுத முடியாது, அதனால் சொல்கிறேன். இரண்டுதான். நேரத்துக்குச் சாப்பிடு, இருந்து சாப்பிடு. மற்றது, பயம் வரும்போது அது அவசரமாகத்தான் வரும், உடனே செய், உடனே செய் என்று உன் சொந்தக் குரலிலேயே சொல்லும். அது சொல்வதை ஒரு பூட்டு மட்டும் போட்டுத் தள்ளிவைக்க முடியுமா என்று பார். எனக்கு இது தெரிய பதினோரு வருடம் எடுத்தது. வியாழக்கிழமை அந்தப் பொத்தானின்மேல் விரல் வைத்திருந்தேன், மகள். அழுத்தினால் ஒரு நொடி. அடுப்பைவிடச் சுலபம், வாசம்கூட வராது. அன்றைக்கு எரித்துவிட்டு எடுத்துப்போனார்கள் என்றேன். இன்றைக்கு வைத்துக்கொண்டு எரித்துவிட்டேன் என்றேன். என்னால் முடிந்த திருத்தம் இவ்வளவுதான். இனி இது உன் பக்கம். இந்தக் கடிதத்தை எல்லாக் கதைகளுக்கும் மேலே வைத்து, பூட்டியபடியே விட்டிருக்கிறேன். திறப்பதும் அழிப்பதும் உன் இஷ்டம், இந்த முறை உனக்காக நான் முடிவு எடுக்கப் போவதில்லை. நம் பெயர் ஒன்றையும் எழுதவில்லை. வேறு யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், நீ திறந்துவிட்டாய் என்று அர்த்தம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவையும் சொல்ல வேண்டியிருந்தது. உன் கதைகளில் எல்லாம் ஒரு வரைபடம் வருகிறது, அதன் நடுவில் ஒரு சிவப்பு வட்டம், பெயர் இல்லாமல். கப்பல்கள் தேடிப் போகின்றன, வழி தவறுகின்றன, போனவர்கள் கிழவராகித் திரும்புகிறார்கள், யாரும் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு வாசகர் உன்னிடம், அந்த வட்டத்துக்கு ஏன் பெயர் வைக்கவில்லை என்று கேட்டிருக்கிறார். நீ பதில் எழுதியிருக்கிறாய்: "வைத்திருந்தேன், ஒன்பது வயதில். மறந்துவிட்டது. இப்போது வேறு பெயர் வைத்தால் பொய்யாகிவிடும்."

எனக்கு அந்தப் பெயர் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். கொப்பி ஓரத்திலிருந்துதான் எரிந்து வந்தது. ஏவுதளங்கள் போயின, ஆறுகள் போயின, நடுப் பக்கம் சுருண்டு என் பக்கமாகத் திரும்பியது. கடைசியாக எரிந்தது அந்த வட்டம்தான். முகாம் என்று நினைத்துவிடுவார்கள் என்றுதான் அதைப் பார்த்துப் பயந்தேன். நெருப்புக்குள் கையை விட்டேன், எட்டவில்லை. வலது கை விரலில் இருக்கிற தழும்பு எண்ணெய் தெறித்தது இல்லை, மகள்.

அந்த வட்டத்துக்குள் சிவப்புப் பென்சிலால் நீ எழுதியிருந்தாய்: "இது அம்மா உட்காரும் இடம்."

ஐந்து நாளாக உன் மூலைக் கதிரையில் இருக்கிறேன். கஸ்டமர் வந்தார்கள். எழும்பவில்லை.